இரவல் தொண்டை

“சன்னாசி மாமா ஏன் எப்பவும் ரகசியமாவே பேசுறாரு?”

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஆறு வயது இஃபத் ஒருநாள் மத்தியானம் இப்படிக் கேட்டாள். கேட்டது தன் தாத்தா கமருதீன் ஹாஜியாரிடம். கேட்ட இடம் ஈப்போ பழைய டவுனில் இருக்கும் அவருடைய சாப்பாட்டுக் கடையின் கல்லா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. நாலு நம்பர் லாட்டரி அடிக்கப் போகிறது, அதுதான் சத்தம் காட்டாமல் இருக்கிறான் என்றார் ஒருவர். சட்டி கழுவுகிறவனுக்கு எதற்குக் குரல், சட்டி போடுகிற சத்தம் போதாதா என்றார் மற்றொருவர். ஹாஜியார் தொந்தி குலுங்கச் சிரித்தார். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் ஒரு பலகாரத்தைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரிலும் காது இருந்தது அந்த ஒரு பிள்ளைக்குத்தான்.

சன்னாசிக்கு ஐம்பத்தாறு வயது. சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் பால்மரம் சீவத் தொடங்கி, ரப்பருக்குப் பதில் செம்பனை வந்து தொழிலாளர் லயங்களை இடித்தபோது ஈப்போவுக்கு வந்து சேர்ந்தவர். இருபத்திரண்டு வருடமாக ஹாஜியார் கடையின் பின்கட்டில் அண்டா கழுவுகிறார். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் தினேஸ்வரியைப் பீடோரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையில் படுக்கை. வேலைக்கு நடுவே பின்வாசலில் நின்று ரோக்கோ என்கிற சிகரெட்டை ஊதுவது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆடம்பரம். பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் குரல் கெட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. முதலில் கரகரத்தது, பிறகு தேய்ந்தது, பிறகு காற்று மட்டும்தான் வந்தது. “குடுங்க”, “வச்சாச்சு”, “சரி மொதலாளி”. ஒரு நாளைக்கு அவருக்குத் தேவைப்பட்டது இந்த மூன்று பேச்சுதான். மூன்றையும் குரல் இல்லாமலே சொல்லிவிடலாம். அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை.

ஹாஜியாரின் குரல் அப்படிப்பட்டதல்ல. அது ஊர் அறிந்த குரல். கல்லாவை விட்டு எழாமலே ஒன்பதாம் மேசைக்கு வேண்டியதைத் தேத்தண்ணீர் கலக்கும் இடம்வரை குரலாலேயே எறிவார். தே தாரேக் மூன்று என்று அவர் கூவினால் எதிர்ச்சாரி வங்கியில் காவலுக்கு நிற்கிறவன் தனக்கும் ஒன்று என்று விரலைக் காட்டுவான். இந்தக் குரல் நோன்பு மாதம் முடிந்த கையோடு கம்மிப்போயிற்று.

உடனே கடை வைத்தியசாலையாக மாறியது. மிளகும் பனங்கற்கண்டும் என்றார் துணிக்கடைக்காரர். சீனன் கடை மூலிகைத் தண்ணீர் என்றார் லாரி ஏஜெண்டு. பச்சை முட்டையின் வெள்ளையில் தேன் குழைத்து ஒருவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார். ஓதி ஊதிய தண்ணீர் மூன்று பாட்டில் வந்தது. ஒருவர் கழுத்தில் தடவ எண்ணெய் கொடுத்துவிட்டு இரண்டு தட்டு பிரியாணியை இலவசமாகச் சாப்பிட்டுப் போனார். ஒரு முதலாளிக்குத் தொண்டை கட்டினால் முப்பது வைத்தியர்கள் வருகிறார்கள். பின்கட்டில் இருக்கிற மனிதனின் தொண்டை கெட்டால் அதற்குக் கிடைப்பது ஒரு கிண்டல். அதையும் அவன் காதுபடவே சொல்கிறார்கள்.

ஹாஜியாரின் மகள் மர்ஜானாவுக்கு, அவள்தான் இஃபத்தின் தாய், தேனிலும் எண்ணெயிலும் நம்பிக்கை இல்லை. கோலாலம்பூரில் மருந்தாளராக வேலை பார்க்கிறாள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், அதுவும் அறுபது வயதில், சிகரெட் பிடிக்கிறவருக்கு, மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் குரல்நாணைப் பார்த்தே தீரவேண்டும் என்று தொலைபேசியில் சொன்னாள். ரத்தப் பரிசோதனையும் கழுத்து எக்ஸ்ரேயும் எடுக்கவைத்தாள். ஈப்போவிலேயே ஒரு தனியார் தொண்டை மருத்துவரிடம், டாக்டர் ஷாமினி என்று பெயர், நாளும் நேரமும் வாங்கிவிட்டாள்.

குழாய் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து ஹாஜியாருக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை. அல்லாஹ் போதுமானவன், இவர்கள் என்ன பார்ப்பது என்று கல்லாவில் உட்கார்ந்து சொன்னார். அவன் போதுமானவன்தான், அதில் ஐயமில்லை. ஆனால் தன் பயத்துக்குப் போர்த்திக்கொள்ள அவன் பெயரை எடுக்கலாம் என்று மார்க்கம் படித்த எந்த ஆலிமும் சொன்னதில்லை.

பயம் புத்திசாலித்தனமாக வேலை செய்தது. இருபது வருடமாக ஹாஜியாருக்கு உரிய வரிசைகளில் எல்லாம் நின்றவர் சன்னாசி. மின்சாரக் கட்டணத்துக்கு நின்றார், லைசன்ஸ் புதுப்பிக்க நின்றார், பல் டாக்டரிடம் நம்பர் எடுக்க விடியுமுன் நின்றார். மளிகை கொடுத்த செட்டியார் இறந்தபோது ஹாஜியார் சார்பாக மாலையோடு சுடுகாடுவரை போய் நின்றார். கால்கடுப்பு சன்னாசிக்கு, காரியம் ஹாஜியார் பேரில். இதையும் அப்படியே முடித்துவிட்டால் என்ன? ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிற காகிதத்தை மகளிடம் காட்டினால் அவள் வாயும் அடைபடும்.

“இந்தா என் ஐசி,” என்று அடையாள அட்டையைச் சன்னாசியிடம் நீட்டினார். “ரத்த ரிப்போட்டு, எக்ஸ்ரே எல்லாம் இந்த உறையில இருக்கு. கூப்பிட்டா உள்ள போ. வாயத் தொறன்னா தொற. பேசாதே, பேச முடியலன்னு சைகை காட்டு. டாக்டரு ஒரு சூராட்டு எழுதிக் குடுப்பாங்க. அந்தக் கடுதாசிய வாங்கிட்டு வந்துரு.”

சன்னாசி கையைத் துடைத்துக்கொண்டு காற்றுக் குரலில் கேட்டார். “உங்க தொண்டையில என்ன இருக்குன்னு என் தொண்டையப் பாத்தா எப்படி மொதலாளி தெரியும்?”

“தொண்டை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்லா. ஒனக்கென்ன நோயா நொடியா?”

ஐசி படத்தில் இருந்தவர் பழைய ஹாஜியார். அப்போது தொந்தி இல்லை, கன்னம் ஒட்டியிருந்தது, இப்போதைய சன்னாசியைப் போலவே. நெற்றியில் இருந்த திருநீற்றைச் சன்னாசி ஈரக் கையால் அழித்தார். ஹாஜியார் தம்முடைய பழைய தொப்பி ஒன்றை எடுத்து அவர் தலையில் வைத்து, கோணலை நிமிர்த்திவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதருக்கு அவர் தன் கையால் எதையாவது அணிவித்தது அதுதான் முதல் தடவை.

மதியம் சன்னாசி திரும்பி வந்தார். மூக்கோரம் பஞ்சு ஒட்டியிருந்தது. மூக்கில் கசப்பாக மருந்து அடித்ததையும், குழாய் இறங்கும்போது கண்ணில் நீராகக் கொட்டியதையும், ஈ என்று இழுக்கச் சொன்னதையும் சொன்னார். டாக்டரம்மா டிவியில் ரொம்ப நேரம் பார்த்தார்களாம். நர்சைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். இந்த வாரத்துக்குள் குடும்பத்தில் ஒருவரோடு வரவேண்டும் என்று சொல்லிக் கடிதத்தை ஒட்டிக் கொடுத்தார்களாம். ஹாஜியார் இதில் பாதியைத்தான் கேட்டார். அப்போது கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

கூட்டம் குறைந்ததும் உறையைப் பிரித்தார். இடது குரல்நாணில் வெள்ளையாக, ஒழுங்கற்ற ஒரு வளர்ச்சி. புற்றுநோயாக இருக்கலாம். உடனே சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் “கமருதீன் பின்” என்று தொடங்கி, அவர் தகப்பனார் பேரோடு அவர் பேர்.

ஹாஜியார் தாளை இன்னொரு முறை படித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கலிமா சொன்னார். கடையை யார் பார்ப்பது, மனைவி லத்தீபா எப்படித் தாங்குவாள் என்று கண் கலங்கினார். தொண்டையைத் தடவிப் பார்த்தார். கட்டி கையில் தட்டுவது போலவே இருந்தது. குழாய் நுழைந்தது வேறொருவர் மூக்கில் என்பது அவர் நினைவுக்கு வர அரை மணி நேரம் பிடித்தது. தன் பேரைத் தாளில் கண்டாலே இவ்வளவு உருகக்கூடிய மனசு அது. நினைவு வந்ததும் அதே மனசு என்ன செய்தது? மூச்சை இழுத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றது. தே தாரேக் ஒன்று கொண்டுவரச் சொல்லி, சீனி கூடப் போட்டுக் குடித்தது.

அதற்குப் பிறகுதான் சன்னாசியின் நினைவு வந்தது. கூடவே மகளின் நினைவும் வந்தது. இந்தக் கடிதத்தை வெளியே எடுத்தால் தன் ஐசியை வைத்து ஆள் மாற்றி அனுப்பிய கதையும் வெளியே வரும். ஹாஜியாரின் மானம் ஒரு தட்டில், சன்னாசியின் உயிர் ஒரு தட்டில். எடை போட அவருக்கு நேரம் அதிகம் ஆகவில்லை. கடிதம் கல்லா இழுப்பறையில், பழைய காலண்டருக்கு அடியில் போயிற்று.

சாயங்காலம் சன்னாசி தயங்கித் தயங்கி வந்து நின்றார். டாக்டரம்மா முகம் சரியில்லை, கடிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.

ஹாஜியார் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “எனக்குத்தான். என் ரத்தத்துலயும் எக்ஸ்ரேயிலயும் என்னமோ இருக்காம். அத வச்சுத்தான் எழுதியிருக்காங்க. ஒனக்குக் கொழாய் விட்டது சும்மா ஒரு மொறைக்கு. யாருக்கும் சொல்லிராதே, லத்தீபாவுக்குக் கூட.”

சன்னாசி நம்பினார். தாளில் இருந்தது முதலாளி பேர், சொன்னதும் முதலாளி. இருபத்திரண்டு வருடமாக நம்பியதை அன்றைக்கு மட்டும் எதற்கு நிறுத்த வேண்டும்? ஆக, ஒரு பிள்ளை விவரம் தெரியாமல் கேட்ட ரகசியம் இப்போது நிஜமாகவே அவரிடம் வந்து சேர்ந்தது.

எல்லாம் சுத்தம், ஒன்றுமில்லை என்று மகளுக்குத் தகவல் போயிற்று. கிளினிக்கிலிருந்து நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டாள். கோலாலம்பூரில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். நோயிலிருந்து தப்பியதற்கு நன்றியாக ஓர் அனாதை இல்லத்துக்கு இரண்டு ஆட்டை அறுத்து பிரியாணி அனுப்பினார். அந்த அண்டாக்களைக் கழுவியவரும் சன்னாசிதான்.

சன்னாசி கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு மறுநாள் முதலே, ஹாஜியார் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கடைக்கு வரும்போது கல்லாவில் ஒரு சின்ன ஃபிளாஸ்க் இருந்தது. திறந்தால் கற்பூரவள்ளி வாசனை. வெதுவெதுப்பாக, கற்கண்டு கரைத்து. யார் வைத்தது என்று கேட்டார். பின்கட்டிலிருந்து சன்னாசி தன் தொண்டையைத் தொட்டு, பிறகு ஹாஜியாரைக் காட்டி, கையை இறக்கினார். ஹாஜியார் அதை முகம் கழுவும் தொட்டியில் கொட்டினார். அடுத்த நாளும் ஃபிளாஸ்க் இருந்தது. அடுத்த நாளும் கொட்டினார். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு வாரம் போனபின், கடைக்குள் நுழையுமுன்னே அது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் பயம் வந்துவிட்டது. ஒருநாள்கூடத் தவறவில்லை. கடன்காரன் வாசலுக்கு வந்தால் ஒளிந்துகொள்ளலாம். கற்பூரவள்ளித் தண்ணீர் வந்து உட்கார்ந்திருந்தால் எங்கே ஒளிவது?

பதினாறாம் நாள் அவர் கொட்டுவதை லத்தீபா பார்த்துவிட்டாள். யாரோ நல்லபடியாகக் காய்ச்சி வைத்ததை இப்படிக் கொட்டலாமா என்று கேட்டாள். சன்னாசி அண்ணன் மாடிக்குப் பின்னால் பழைய டின்களில் அந்தச் செடியை வளர்க்கிறார், விடியுமுன் எழுந்து இலை கிள்ளுவதை நானே பார்த்தேன் என்றாள். ஹாஜியார் காலி ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துவைத்தார்.

பதினேழாம் நாள் மத்தியானம், கூட்டம் அடங்கின நேரம், எதையோ தேடிப் பின்கட்டுக்குப் போனார். சன்னாசி பின்வாசல் படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் ரோக்கோ இல்லை.

“என்னலா, ரோக்கோ தீந்து போச்சா?” என்றார் ஹாஜியார், பேச்சுக்கு.

“விட்டுட்டேன் மொதலாளி.”

“நீயா?”

சன்னாசி பேசக் கஷ்டப்பட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிச் சொன்னார். “இங்க நின்னுதான் ஊதுவேன். காத்து உள்ளுக்குத்தான் அடிக்கும், நேரா உங்க கல்லாவுக்கு. இருபது வருசமா என் பொகதான் உங்க தொண்டையில எறங்கியிருக்கு. அத நெனச்சா கை போகல. நீங்க சொன்ன அன்னைக்கே விட்டுட்டேன்.”

ஹாஜியாருக்குத் தேட வந்த பொருள் என்ன என்பது மறந்துபோயிற்று. தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றார். லுஹர் தொழுகைக்குக் கை முகம் கழுவி உளூ எடுக்கத்தான் நினைத்தார்; முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். தொழுது முடித்துக் கை ஏந்தினால் ஒரு சொல் வரவில்லை. தினமும் சரளமாக வருகிற சொற்கள் அவை: உடம்புக்கு ஆரோக்கியம், வியாபாரத்துக்குப் பரக்கத், பிள்ளைகளுக்கு நல்ல வாழ்வு. அன்று எதை எடுத்தாலும் அது சன்னாசிக்குச் சேரவேண்டியதாக இருந்தது. ஏந்திய கையை மடக்கிக்கொண்டு எழுந்து, இழுப்பறையைத் திறந்து, காலண்டருக்கு அடியில் இருந்ததை எடுத்தார். முதலில் மகளுக்குப் போன் செய்தார். அவள் முழுவதையும் கேட்டாள். நாளைக்குக் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் சன்னாசியைக் கிளினிக் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஹாஜியார் தனியே உள்ளே போய் நடந்ததைச் சொன்னார். டாக்டர் ஷாமினி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“பணம் இரவல் வாங்குறவங்களப் பாத்திருக்கேன்,” என்றார் அவர். “காரு, நகை, பட்டுச்சேலை இரவல் வாங்குறவங்களையும் பாத்திருக்கேன். தொண்டைய இரவல் வாங்குனவர இன்னைக்குத்தான் பாக்குறேன், ஹாஜியார்.”

ஹாஜியார் தலை குனிந்தார்.

“அன்னைக்கு அவரு கையில கோயில்ல கட்டுற கறுப்புக் கயிறு இருந்துச்சு. மூணு தடவ உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், நாலாவதுக்குத்தான் திரும்புனாரு. காது மந்தம்னு நெனச்சுட்டு விட்டுட்டேன். அது என் தப்பு. ஆனா இந்தப் பதினேழு நாள் என் தப்பு இல்ல. குரல்நாண்ல வர்ற கட்டி சின்னதா இருக்கப்பவே குரலக் கெடுத்துத் தன்னக் காட்டிக் குடுத்துரும். அந்த அளவுக்கு நல்ல கட்டி அது. அது சத்தம் போட்டுச் சொன்னத நீங்க இழுப்பறையில பூட்டி வச்சீங்க.”

பிறகு அவரை நாற்காலியில் சாய்த்து, அவர் மூக்கிலும் குழாயை விட்டார். ஹாஜியார் குழந்தை மாதிரி முனகினார். குரல்நாண் சற்றுச் சிவந்து வீங்கியிருந்ததே தவிர வேறொன்றுமில்லை. வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுகிறது, சிகரெட்டை விடுங்கள், பிரியாணியைக் குறையுங்கள், கத்தாதீர்கள். சங்கதி அவ்வளவுதான். முப்பது வைத்தியரும் மூன்று பாட்டில் தண்ணீரும் சேர்ந்து குணப்படுத்த முயன்றது இதைத்தான்.

“அவருகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க,” என்றார் டாக்டர். “மறைச்சது நீங்கதானே.”

ஹாஜியார் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது கிடையாது. சொல்ல வேண்டியதைச் சொன்னார். சுற்றி வளைக்க முயன்றார். வளைக்க இடம் இல்லாததால் நேராகவே வந்துவிட்டது.

சன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தலை நிமிராமலே கேட்டார். “அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லையா மொதலாளி?”

“இல்ல.”

“நல்லது.” கறுப்புக் கயிற்றை மேலும் கீழும் உருட்டினார். “அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் உங்கள என்ன செஞ்சிருக்கப் போறேன்?”

நர்ஸ் “சன்னாசி” என்று அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் அழைப்பிலேயே எழுந்து போனார்.

அரசாங்க மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துச் சதை எடுத்தார்கள். புற்றுநோய்தான். இறைவன் இரக்கம் காட்டியிருந்தான். கட்டி இடது நாணைத் தாண்டவில்லை, நாண் இன்னும் அசைந்தது. குரல்பெட்டியை அறுத்தெடுக்கத் தேவையில்லை, கதிர்வீச்சு போதும், வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம் என்றார்கள். மர்ஜானா லீவு போட்டு வந்தாள். தகப்பனாரைத் தாண்டிப் போய்ச் சன்னாசி பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் குரல் இன்னும் மோசமாகும், தோல் கருகும், விழுங்கும்போது வலிக்கும், பயப்பட வேண்டாம் மாமா, பிறகு திரும்பி வரும் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். தினேஸ்வரியும் பீடோரிலிருந்து வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து போனாள்.

கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்கச் சூடான தண்ணீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தோடு அழுத்தி ஒரு முகமூடி செய்தார்கள். “பஜ்ஜி அள்ளுற சல்லடைய மூஞ்சில கவுத்தாப்புல இருக்கு,” என்று சன்னாசி அதைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது வாரம் கழுத்துத் தோல் கறுத்தபோது, அடிபிடிச்ச அண்டா, தேய்ச்சாலும் போகாது என்றார்.

நோய்க்குப் பேர் வந்ததும் கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காது முளைத்தது. ஐயோ பாவம் என்றார்கள். அப்போதே நினைத்தேன் என்றார் நாலு நம்பர்க்காரர். சல்லிசாகக் கிடைக்கும் மூலிகைகளின் பேரைச் சொன்னார்கள். ஒருவரும் மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை. முழங்கால் வலி எல்லாருக்கும் அந்த மாதத்தில்தான் வந்திருந்தது.

நான்காவது வாரம் சன்னாசிக்கு எச்சில் விழுங்குவதே கண்ணாடித் தூளை விழுங்குவது போலாயிற்று. காரம் கூடாது, சூடு கூடாது, கரடு கூடாது என்று மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஹாஜியார் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீன் தலைக் கறி, கோழி சம்பால், ஆட்டு மிளகு, கணவாய்ப் பிரட்டல். நாளொன்றுக்கு நானூறு பேருக்குச் சோறு போடுகிற கடை. அதில் ஒரே ஒரு மனிதன் விழுங்கக்கூடியதாக ஒரு கரண்டி இல்லை. சன்னாசி மேலே ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார், யாரிடமும் எதுவும் கேட்காமல்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்தில் டாக்டர் ஷாமினி குழாய் விட்டுப் பார்த்து, நாண் சுத்தமாக இருக்கிறது, ஐந்து வருடம்வரை வந்து காட்ட வேண்டும் என்றார். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, பின்கட்டிலிருந்து “சுடுதண்ணி வருது, நவுருங்க” என்று ஒரு சத்தம் வந்தது. கனமான, கொஞ்சம் கரகரத்த, நல்ல ஆண்குரல். இலை போடுகிற பையன்கூடத் திரும்பிப் பார்த்தான். அது யார் குரல் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் எத்தனையோ விடியற்காலைகள் இருந்தன. வேலையாட்கள் வருமுன், சுபுஹு தொழுத கையோடு, ஹாஜியார் முன் கதவைத் திறக்காமல் பக்கவாசல் வழியாகச் சமையல்கட்டுக்குள் போவார். பிரியாணிக்குப் பேர் போன கடையின் முதலாளிக்குக் கஞ்சி வைக்கத் தெரியவில்லை. முதல் நாள் அடிபிடித்தது. அடுத்த நாள் பசையாக இறுகிற்று. மூன்றாம் நாள் அரிசியை இரவே ஊறவைத்துக் குழைய வேகவிட்டு, மத்தால் மசித்து, தேங்காய்ப் பால் பிழியும் துணியில் ஊற்றி வடிகட்டினார். ஒரு பருக்கை இல்லை. ஒரு முட்டையை அடித்துக் கலக்கினார். உப்பைக் கிள்ளிப் போட்டு, போட்டதில் பாதியை அதிகமோ என்று பயந்து கரண்டியால் எடுத்தார். சூடு ஆறும்வரை விசிறினார். இரண்டு சொட்டை மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுப் பார்த்து, சுடவில்லை என்று தெரிந்தபிறகு தூக்குச் சட்டியில் ஊற்றினார்.

லத்தீபா அக்கா அனுப்புகிறார்கள் என்றுதான் சன்னாசி நினைத்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் வைக்கிறார் என்று லத்தீபா நினைத்துக்கொண்டிருந்தாள். ஹாஜியார் இருவரையும் திருத்தவில்லை. பானையைத் தேய்த்துக் கவிழ்த்து, துணியை அலசி, அடுப்பு மேடையைத் துடைத்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மரப்படி முனகாதபடி சுவரோரமாகவே மாடி ஏறினார். தூக்குச் சட்டியைக் கதவருகே வைத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்தினார். உள்ளே இருமல் சத்தம் கேட்டது, கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறக்குமுன் இறங்கிப் போய்விட்டார்.